ஐப்பசி மழையில் ஆசையாக உடுத்த: பீரோவில் தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு ஐப்பசிக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, மொடமொடவென்று கஞ்சி போட்ட செட்டிநாட்டுக் காட்டன் சேலையைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். அரக்குச் சிவப்பில் கடுகு மஞ்சள் கட்டம். கண்ணாடி முன்னால் நின்றபோது அப்படி ஒரு திருப்தி. சைதாப்பேட்டை ஸ்டேஷன் படி ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பத்தே நிமிடம்தான். நனைந்த கஞ்சி மறுபடியும் கஞ்சியாகவே ஆகிவிட்டது. கொசுவம் காலோடு கொழகொழவென்று ஒட்ட, பழைய சோற்றுப் பானை வாசனையோடு ரயிலில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வடிச்ச கஞ்சியாம்மா, கடைக் கஞ்சியா?" என்று கேட்டார்.

அன்றைக்கு மழைமேல் வந்த கோபம் சாயங்காலத்துக்குள் என்மேலேயே திரும்பிவிட்டது. சேலையிலும் தப்பில்லை, மழையிலும் தப்பில்லை. புரட்டாசிப் புத்தியோடு ஐப்பசியில் உடுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் மழை தொடங்குவதற்கு முன்னால் செய்கிற வேலைகளைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். நான் சென்னைக்காரி என்பதால் கணக்கெல்லாம் சென்னைக் கணக்கு. கடலோரத்தில் எங்கே இருந்தாலும் பெரும்பாலும் பொருந்தும். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் மன்னிக்கவும், உங்கள் ஸ்வெட்டர் சமாச்சாரம் வேறு.

முதலில், மாறுவது என்ன என்று பாருங்கள்

குளிர் நாட்டில் பருவம் மாறினால் துணியின் கனம் மாறும். இங்கே அந்தக் கணக்கு உதவாது. சென்னையில் செப்டம்பர் மாதப் பகல் வெப்பம் 34 டிகிரியை ஒட்டி இருக்கும். நவம்பரில் 30-ஐ ஒட்டி இறங்கும். வித்தியாசம் நாலே டிகிரி. அதற்காக யாரும் கனத்த துணி தேட வேண்டியதில்லை. மாறுவது காற்றின் ஈரம். ஊருக்கு ஒரு வருடத்தில் கிடைக்கிற சுமார் 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் உள்ள மூன்று மாதத்தில் கொட்டுகிறது. புரட்டாசியில் கொடியில் போட்ட சேலை ஒன்றரை மணி நேரத்தில் அப்பளமாகக் காய்ந்திருக்கும். கார்த்திகையில் அதே சேலை மறுநாள் மத்தியானம் வரை தொட்டால் சில்லென்றே இருக்கும்.

நம் முன்னோர் வருடத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தபோது ஆவணி, புரட்டாசியைக் கார் என்றும், ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும் தனித்தனியாகவே பெயர் வைத்தார்கள். இரண்டுமே மழைதானே என்று ஒன்றாகச் சேர்த்துவிடவில்லை. கூதிர் என்றால் ஈரம் சுமந்த குளிர்ந்த வாடைக்காற்று. உடம்புக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். பீரோவுக்குத்தான் தெரியாது, நாம் சொன்னால் ஒழிய.

ஆக, இந்த மூன்று மாதத்துக்குத் துணியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நனைந்தால் எவ்வளவு நேரத்தில் காய்வாய்?

கொடிப் பரீட்சை

புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். அடிக்கடி உடுத்துகிறவற்றில் எட்டுப் பத்துத் துணிகளை ஒன்றாகத் துவைத்து, ஒரே கொடியில், ஒரே நேரத்தில் போடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை போய் ஓரத்தையும் இடுப்புப் பட்டியையும் தொட்டுப் பார்த்து, காய்ந்த வரிசையில் எடுத்து, முதலில் காய்ந்தது மேலே இருக்கும்படி அடுக்குங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள். ஆனால் அந்த அடுக்குதான் உங்கள் மழைக்கால உடுப்பு வரிசை. மேலே இருப்பது அடைமழைக்கு, நடுவில் இருப்பது தூறலுக்கு, அடியில் இருப்பது வெயில் எட்டிப் பார்க்கிற நாளுக்கு.

என் கொடியில் முதலில் வந்தது அம்மாவின் பழைய பூனம் சேலை, பாலியஸ்டர்தான். வெயில் காலத்தில் அதைத் தொடவே மாட்டேன், அப்படிப் புழுங்கும். மழையில் அதற்கு ஈடு கிடையாது. காரணம் எளிது. 100 கிராம் காய்ந்த பருத்தி, மழையில் நனையாமலே, சாதாரணக் காற்றிலிருந்தே சுமார் 8 கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வைத்துக்கொள்ளாது. வேர்வைக் காலத்தில் பருத்தியை நல்லதாக்குகிற அதே குணம்தான் அடைமழையில் அதைச் சுமையாக்குகிறது. 'காட்டன்தான் உடம்புக்கு நல்லது' என்பது பாதி உண்மை. மீதிப் பாதி எந்த மாதம் என்பதில் இருக்கிறது.

அதற்காகப் பருத்தியை மூன்று மாதம் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. பருத்தியிலேயே மெலிசும் உண்டு, தடித்ததும் உண்டு. கைத்தறிக் கடையில் எண்பதாம் நம்பர், நூறாம் நம்பர் என்று நூலைச் சொல்வார்கள். நம்பர் கூடக்கூட நூல் மெலிசு. நூறாம் நம்பர் நூலில் நெய்த சேலையும் மல்மல்லும் சீக்கிரம் காயும். முரட்டு நூல் செட்டிநாட்டுக் கண்டாங்கி ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். சுங்குடியில் மெலிசாக இருப்பதைப் பாருங்கள். கஞ்சி போடாமல் கட்டினால் தூறல் நாளுக்கு அருமை.

ரேயானைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. கடையில் தொட்டால் வழவழவென்று ஆசையாக இருக்கும், விலையும் கம்மி. ஆனால் பருத்தியைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், போதாக்குறைக்கு ஈரத்தில் வலுவும் இழக்கும். பருத்தி நேர்மாறு, நனைந்தால் இன்னும் உறுதியாகும். நனைந்த ரேயான் குர்த்தியோடு பைக்கிலிருந்து அவசரமாக இறங்கியபோது என் பக்கவாட்டுத் தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்தது. ஜீன்ஸ், கேட்கவே வேண்டாம். இரண்டு நாள் காயும், மூன்றாம் நாள் நாறும்.

பீரோ நாள்

இதுதான் எனக்குப் பிடித்த வேலை. அரை நாள் ஆகும். ஒரு டிகாக்‌ஷன் காபி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். மழை தொடங்குவதற்கு முன்னால், நல்ல வெயிலடிக்கிற ஒரு நாளில் செய்வது முக்கியம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் வரும் என்பதால் அதற்குள் முடித்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கட்டில்மேல் போடுங்கள். கஞ்சி போட்டு மடித்து வைத்ததெல்லாம் தனியாகட்டும். அவற்றைக் கஞ்சி போக அலசிக் காயவைத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். கஞ்சி என்பது மாவுப்பொருள்தானே? ஈரம் சேர்ந்தால் பூசணம் பிடிக்கும், வெள்ளி நிறத்தில் ஓடுமே அந்தப் பூச்சிக்கும் அது விருந்து. மடிப்பு ஓரமாகப் பொடிப்பொடி ஓட்டை விழுந்த சேலையை எடுத்துப் பார்த்து அழுதவர்களைக் கேளுங்கள்.

பட்டுச் சேலைகளை நிழலில், காற்று படுகிற இடத்தில் ஒரு மணி நேரம் விரித்துப் போடுங்கள். நேர் வெயில் வேண்டாம். அப்புறம் பழைய மடிப்பை விட்டு வேறு இடத்தில் மடித்து, நைந்த பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் ஜரிகை அந்த வரியிலேயே ஒடியும். பிளாஸ்டிக் உறையில் பட்டை வைக்காதீர்கள், உள்ளே போன ஈரம் வெளியே வராது. அந்துருண்டை போடுவதானால் ஜரிகையில் படாமல் துணியில் முடிந்து ஓரமாகப் போடுங்கள். என் அம்மா அந்துருண்டையே போட மாட்டார். நிழலில் காய்ந்த வேப்பிலையும் வசம்புத் துண்டும்தான். அந்த வசம்பு வாசனை வந்தாலே எனக்குக் கல்யாண வீடு ஞாபகம் வரும்.

இரும்பு பீரோ வெளிச்சுவரோடு ஒட்டி நின்றால் ஒரு சாண் முன்னால் நகர்த்துங்கள். நனைகிற சுவரின் ஈரத்தை பீரோவின் முதுகு அப்படியே வாங்கும். அடித்தட்டில் பட்டு வேண்டாம். தட்டுகளைத் திணிக்காதீர்கள். துணிக்கு நடுவே கையை நுழைக்க முடிந்தால்தான் காற்றும் நுழையும்.

இப்போது கொடிப் பரீட்சையில் ஜெயித்தவற்றைக் கண்ணுக்கு நேரான தட்டில் அடுக்குங்கள். கைக்கு எட்டுகிற தூரத்தில் பத்துப் பன்னிரண்டு உடுப்பு போதும். 'உடுத்த ஒன்றுமே இல்லை' என்கிற காலை நேரத்துப் புலம்பல், திணித்து வைத்த தட்டின் முன்னால்தான் பிறக்கிறது. எனக்கு இந்தத் தட்டைத் திறந்ததுமே பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் மாதிரி இருக்கும். எல்லாம் பழைய துணிதான். எட்டு மாதம் கண்ணில் படாமல் இருந்தவை என்பதால் ஒரு புதுமை.

கட்டுவதில் சின்னச் சின்ன மாற்றங்கள்

சேலைக்கு: உள்பாவாடையை வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் ஏற்றிக் கட்டுங்கள். தரையில் கிடக்கிற தண்ணீரை முதலில் உறிஞ்சி மேலே ஏற்றுவது அதன் ஓரம்தான், சேலை இல்லை. பாதத்தைத் தொடுகிற ஃபால்ஸைக் கணுக்காலுக்கு மேலே நிறுத்துங்கள். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், எல்லாரும் குட்டையைத் தாண்டுகிற கவலையில் இருப்பார்கள். முந்தானையை விரித்து விடாமல் மடிப்பெடுத்துப் பின் குத்திவிட்டால் குடையும் பையும் பிடிக்கக் கை இரண்டும் காலி.

சுடிதாருக்கு: பட்டியாலா, பலாஸோ எல்லாம் தை மாதத்தில் எடுத்துக்கொள்ளலாம். கணுக்கால் தெரிகிற நேரான பேன்ட் நல்லது. லெகிங்ஸ் நனைந்தால் தோலோடு ஒட்டிக்கொண்டு அரிக்கும். குர்த்தி முழங்காலோடு நிற்கட்டும். துப்பட்டாவுக்குப் பதிலாக ஒரு மெலிசான ஷால் பையில் இருந்தால், நனைந்தபடி ஏசி அறைக்குள் போகும்போது உயிர் காக்கும்.

ஆண்களே, நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். உலகத்திலேயே மழைக்கென்று செய்த மாதிரி ஒரு உடுப்பு இருந்தால் அது வேட்டிதான். தண்ணீர் தேங்கினால் மடித்துக் கட்டு, வாசல் வந்தால் இறக்கிவிடு, வேலை முடிந்தது. ஒட்டிக்கோ வேட்டிக்காரர்கள் மட்டும் மடிப்பதற்கு முன் ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்கு வேட்டி ஆகாது என்றால், பாலியஸ்டர் கலந்த மெலிசான பேன்டும் அரைக்கைச் சட்டையும். முழுக்கைச் சட்டையில் மணிக்கட்டுப் பட்டிதான் கடைசியாகக் காயும்.

செருப்பு: ரப்பர். தோல் செருப்பைத் துடைத்து, உள்ளே செய்தித்தாள் கசக்கி வைத்து, மேலே எடுத்து வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. வெள்ளை, சந்தனம், இளம் மஞ்சள் நிறத்தில் மெலிசான பருத்தி நனைந்தால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். நனையக்கூடிய நாளில் அச்சுப் போட்டதோ அடர் நிறமோ இருக்கட்டும். யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்லிவிட்டேன்.

நிறமும் பூவும்

அடர் நிறம் என்றதும் கறுப்பும் சாம்பலும் எடுத்துவிடாதீர்கள். வானமே சாம்பல், நாமும் சாம்பலா? மேகம் மூடிய வெளிச்சத்தில் கொஞ்சம் நீலம் கலந்திருக்கும். சித்திரை வெயிலில் கண்ணைக் குத்துகிற அரக்கும் மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் அந்த வெளிச்சத்தில் அடங்கி, பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். சேறு தெறித்தாலும் அரக்கில் தெரியாது. 'பளிச்சென்று இருக்கிறதே' என்று வருடம் முழுக்க ஒதுக்கி வைத்த சேலைக்கு இதுதான் காலம். நான் ஒரு கத்தரிப்பூ நிறச் சேலையை மூன்று வருடம் கட்டாமல் வைத்திருந்தேன். ஒரு அடைமழை நாளில் வேறு எதுவும் காயாததால் கட்டிப் போனேன். இப்போது அதுதான் என் மழைச் சேலை.

பூவும் இந்தக் காலத்தில் மாறும். குளிர் ஏற ஏற மல்லி வரத்துக் குறைந்து விலை எங்கேயோ போய்விடும். அதைப் பிடித்துத் தொங்காமல், கிடைப்பதற்கு உடுத்துங்கள். கார்த்திகை பிறந்தால் டிசம்பர் பூ வரும். வாசனை கிடையாது, ஆனால் அந்த ஊதா நிறம் இரண்டு மாதத்துக்குத்தான். காலையில் பூக்காரம்மாவின் கூடையைப் பார்த்த பிறகு ரவிக்கையின் நிறத்தை முடிவு செய்கிற ஒரு தோழி எனக்கு உண்டு. முதலில் கேலி செய்தேன், இப்போது ஊதாவுக்குப் பொருத்தமாக ஒரு கிளிப்பச்சை ரவிக்கை என்னிடமும் இருக்கிறது. வெள்ளித் தோட்டைக் கழற்றி வைத்து, கண்ணாடி வளையல் போடுங்கள். நனைந்தால் துடைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம்.

முந்தின ராத்திரியும் பையும்

வடகிழக்குப் பருவத்தில் கடலோர மழைக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல் தொடங்கி விடிகாலையில் வெளுத்து வாங்கும். அதனால் ராத்திரி வானத்தைப் பார்த்து மட்டும் முடிவு எடுக்காதீர்கள். இரண்டு உடுப்பை இஸ்திரி போட்டு மாட்டி வையுங்கள், ஒன்று கொட்டினால், ஒன்று வெறித்தால். காலையில் வானிலை ஆய்வு மையத்தின் ரேடார் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ஒன்றை எடுங்கள். அவசரத்தில் எடுத்த உடுப்பு எவ்வளவு நல்லதானாலும் மனசுக்கு ஒட்டாது.

பையில்: ஒரு மெலிசான ஈரிழைத் துண்டு, ஒரு மாற்று மேலாடை அல்லது ரவிக்கை, நனைந்ததைப் போட ஒரு பிளாஸ்டிக் கவர், இரண்டு ஊக்கு. மாற்று உடுப்பு இருக்கிறது என்று தெரிந்தால் போதும், மழையில் நடக்கிற நடையே மாறிவிடும்.

துவைப்பதும் காயவைப்பதும்

மழைக்காலத் துணியின் முடை நாற்றத்துக்கு அழுக்கு மட்டும் காரணமில்லை. துணி மணிக்கணக்கில் ஈரமாகக் கிடக்கும்போது அதிலுள்ள பாக்டீரியா பெருகுகிறது. மொராக்செல்லா என்று ஒன்று அதற்கே பேர்போனது. ஆகவே வாசனைத் திரவம் ஊற்றி மறைப்பதில் பலனில்லை, ஈரமாக இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். மெஷினில் இரண்டாவது தடவை பிழியவிடுங்கள். உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, துணிக்குத் துணி நான்கு விரல் இடைவெளி விட்டு, மின்விசிறிக்கு நேரே போடுங்கள். தினமும் கொஞ்சமாகத் துவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டிவண்டியாகத் துவைக்கிற பழக்கம் இந்த மூன்று மாதத்துக்கு வேண்டாம்.

இஸ்திரிப் பெட்டி மீதி ஈரத்தை எடுத்துவிடும். ஆனால் சூட்டோடு சூடாக பீரோவில் வைத்தால் மடிப்புக்குள்ளே மிச்சமிருக்கிற ஆவி மறுபடி ஈரமாகிவிடும். நாற்காலியில் கால் மணி நேரம் ஆறவிடுங்கள்.

தீபாவளித் துணி

நாம் ஒரு விசித்திரம் செய்கிறோம். வருடத்தின் மிக முக்கியமான புதுத்துணியை, வருடத்திலேயே அதிகமாக மழை பெய்கிற பருவத்தில் உடுத்த வாங்குகிறோம். வாங்குவதோ புரட்டாசிப் புழுக்கத்தில், ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் வேர்த்து வழிந்து, ஏசிக் கடையில் விளக்கு வெளிச்சத்தில். அப்புறம் தீபாவளியன்று தூறலில் அந்தக் கனத்த கல் வேலை செய்த துணியைப் போட்டுக்கொண்டு பட்டாசு வெடிக்க முடியாமல் வாசலில் நிற்கிறோம்.

துணியைக் கடை வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சாயத்தில் சந்தேகம் இருந்தால், வீட்டுக்கு வந்ததும் ஓரத்தை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். நிறம் இறங்கினால் முதல் மூன்று துவைப்பு தனியாக. கல் உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது எல்லாருடைய வீட்டிலும் உண்டு, செய்யுங்கள், ஆனால் அதை நம்பி வெள்ளைத் துணியோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். ரவிக்கைத் துணியையும் லைனிங்கையும் நனைத்துக் காயவைத்தே தையற்காரரிடம் கொடுங்கள், இல்லையென்றால் முதல் துவைப்பில் லைனிங் மட்டும் சுருங்கி ரவிக்கை கோணிக்கொள்ளும். தையற்காரர்கள் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னாலேயே 'இனி எடுக்கறதில்ல' பலகை மாட்டிவிடுவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

என் பழக்கம், புதிதாக ஒன்றே ஒன்று வாங்குவது, அதுவும் கார்த்திகை முழுக்கக் கட்டக்கூடியதாக. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் தீபாவளித் தள்ளுபடி நடக்கிற நேரமாதலால் அங்கே போய் மெலிசான நூலில் ஒன்று எடுப்பேன்.

மழை விட்ட பிறகு

மார்கழி நடுவில் ஈரம் வடியத் தொடங்கும். அதுதான் பட்டுக்குச் சரியான மாதம். வேர்க்காது, நனையாது, சபாக்களின் ஏசி அரங்கில் பட்டின் கதகதப்பு இதமாகவும் இருக்கும். வேட்டித் துணிக்குள் சுற்றி வைத்தவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். கட்டி வந்த பட்டை உடனே மடிக்காமல் ஒரு ராத்திரி காற்றாட விடுங்கள்.

மாசியில் மொட்டை மாடிச் சிமெண்டுத் தரை காலைச் சுடுகிற அன்றைக்கு, சோறு வடித்த கஞ்சியைக் கீழே கொட்டாதீர்கள். வடிகட்டி, ஒரு டம்ளர் கஞ்சிக்கு நாலு டம்ளர் தண்ணீர் கலந்து, கடைசி அலசலில் செட்டிநாட்டுச் சேலையை முக்கி எடுத்து, இரண்டு பேராக ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி இழுத்துக் கொடியில் போடுங்கள். சாயங்காலம் முழுக்கக் காய்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எடுத்து மடித்து, தலையணைக்கடியில் வைத்துவிட்டால் காலையில் இஸ்திரிகூட வேண்டாம்.